31 காட்டிய தெர்மோஸ்டாட், 21-இல் படுத்திருந்த பாம்பு

ராணி மூன்றாவது முறையாக இரையைக் கக்கிய பிறகுதான் அதன் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். தொலைபேசியில் அவர் முதலில் சொன்னது இதுதான்: "அண்ணா, தெர்மோஸ்டாட் 31 காட்டுது. ஒரு நாள்கூட மாறல. சூட்டுல குறையே இல்ல." நேரில் போய்ப் பார்த்தேன். சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் அந்தத் தெர்மோஸ்டாட் உண்மையிலேயே 31 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. பாம்பு படுத்திருந்த பெட்டிக்குள் 21.4.

இரண்டு எண்களும் சரியானவை. இடையில் இருந்த பத்து டிகிரி எங்கே போனது என்று தேடியதுதான் இந்த ஆய்வு.

பாம்பும் கூண்டும்

ராணி ஒரு பெண் போவா கன்ஸ்ட்ரிக்டர், இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் பெரிய பாம்பு வகை. 7 வயது, 2.3 மீட்டர் நீளம், தொந்தரவு தொடங்கும் முன் 9 கிலோ. 5 வருடமாக 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள பி.வி.சி. பெட்டியில் இருந்தது. மேலே 100 வாட் ஹீட் பேனல் (தட்டையான சூட்டுப் பலகை) ஒன்று, உள்ளே இரண்டு பதுங்குபெட்டிகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் ஒரு தடவைகூட இரை வெளியே வந்ததில்லை.

நீட்டிப் படுக்கக்கூட இடமில்லையே என்று உரிமையாளருக்கு மனசு உறுத்தியது. அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. பாம்பு எப்போதும் சுருண்டே கிடக்கும், அதற்கு எதற்குப் பெரிய இடம் என்ற பழைய பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. இடம் இருந்தால் நீட்டிப் படுக்கிறது, ஏறுகிறது, இரவெல்லாம் சுற்றி வருகிறது. அதனால் அவர் 18 மி.மீ. ப்ளைவுட்டில் 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரத்தில் ஒரு கூண்டு செய்தார். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவுகள். வேலை சுத்தமாக இருந்தது, பார்க்கவும் அழகு. நல்லது செய்யப்போய் வந்த வினை இது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சூட்டுக்கு வலது மூலையில், கூரையை ஒட்டி, 150 வாட் செராமிக் ஹீட்டர்கள் இரண்டு. தெர்மோஸ்டாட்டின் சென்சார் அவற்றுக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து 10 செ.மீ. கீழே தொங்கியது. காற்றோட்டத்துக்கு இரண்டு திறப்புகள், இரண்டுமே வலப்பக்கம் மேலே. தரையில் 5 செ.மீ. கனத்துக்குத் தேங்காய்நார்த் துகள்.

கூண்டு மாறி பத்து வாரம் கழித்து முதல் கக்கல், இரை கொடுத்த நான்காம் நாள். பசியோடு இருக்குமே என்று 12 நாளில் மறுபடி அதே அளவு எலி கொடுத்தார். ஆறாம் நாள் அது வெளியே வந்தது. இன்னும் இரண்டு வாரம் கழித்து கொடுத்தது மூன்றாம் நாளே வந்துவிட்டது. எடை 8.1 கிலோவுக்கு இறங்கியிருந்தது.

இந்த அவசரம் நிறையப் பேர் செய்யும் தப்பு. கக்கும்போது பாம்பு இரையை மட்டும் இழப்பதில்லை. வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டுப் போகிறது, செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் கலைந்துபோகின்றன. குறைந்தது இரண்டு மூன்று வாரம் வயிற்றைச் சும்மா விட்டு, பிறகு வழக்கமான இரையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் சின்னதாக ஒன்று கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கக்கலே அடுத்த கக்கலுக்குக் காரணமாகிவிடும்.

முதலில் மருத்துவர்

கூண்டைத் தொடும் முன் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். போவா திரும்பத் திரும்பக் கக்கினால் குடல் ஒட்டுண்ணிகளும், போவாக்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோயும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. மூச்சு தெளிவாக இருந்தது, மூக்கில் சளிக்குமிழி கிடையாது. வயிற்றுச் செதில்களில், வாலுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, லேசான சிவப்பு மட்டும் தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்து நாள் அளவெடுப்பு

தெர்மோஸ்டாட் திரையை நம்பாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதிந்துகொள்ளும் சிறிய வெப்பமானிகள் ஐந்தை உள்ளே வைத்தேன். கூரைக்குக் கீழே சென்சாருக்குப் பக்கத்தில் ஒன்று. சூட்டுப் பக்கத்தில் 60 செ.மீ. உயரத்தில் ஒன்று, தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒன்று. குளிர்ப் பக்கத் தரையில் ஒன்று. ராணி எப்போதும் கிடக்கும் பதுங்குபெட்டிக்குள் ஒன்று. ஹீட்டர்களின் பிளக்கில் மின்சாரம் அளக்கும் மீட்டரையும் மாட்டினோம். உரிமையாளர் தினமும் நான்கு வேளை, பாம்பு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்தார். செலவில்லாத அந்த நோட்டுப்புத்தகம்தான் கடைசியில் எல்லாவற்றையும் விட அதிகம் சொன்னது.

கூரையடியில் பகலும் இரவும் 31 முதல் 33 டிகிரி. நடு உயரத்தில் 27.5. சூட்டுப் பக்கத் தரையில் பகலில் 25, விடியலுக்கு முன் 22.8. குளிர்ப் பக்கத் தரையில் பகலில் 22.5, விடியலில் 20.3. பெட்டிக்குள் எப்போதும் 21-க்கும் 22-க்கும் நடுவே.

செங்குத்தாக ஒரு மீட்டர் ஏறினால் எட்டு டிகிரி. அந்தக் கூண்டில் ஏறிப் படுக்கப் பலகை இல்லை, கிளை இல்லை. பாம்பு போகவே முடியாத ஓர் இடத்தை மாதக்கணக்கில் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

உரிமையாளர் கணக்கில் கெட்டிக்காரர். பழைய பெட்டியின் வெளிப்பரப்பு 4.3 சதுர மீட்டர், புதியது 14.4. மூன்று மடங்கு பரப்புக்கு மூன்று மடங்கு வாட் போட்டிருக்கிறேனே, எங்கே தப்பு என்று கேட்டார். காகிதத்தில் தப்பே இல்லை. ஆனால் மீட்டரைப் பார்த்தால் 300 வாட்டில் சராசரியாக 170 தான் ஓடியிருந்தது. சென்சார் கூரையடியில் இருந்ததால், மேலே சூடான காற்று தேங்கியதும் தெர்மோஸ்டாட் "போதும்" என்று ஹீட்டரை அணைத்துவிடும். தரை குளிர்ந்து கிடப்பது அதற்குத் தெரிய வழியில்லை. சூடு இருந்தது, அதைத் தடுத்து வைத்திருந்ததே தெர்மோஸ்டாட்தான்.

இதில் செராமிக் ஹீட்டரின் குணமும் சேர்ந்துகொண்டது. அது வெளிச்சம் தராது. நெடிய அலை அகச்சிவப்பைக் கொஞ்சம் வீசும், மிச்சத்தைத் தன்னைச் சுற்றிய காற்றுக்குக் கொடுக்கும். அந்தக் காற்று கீழே வராது. வீசும் பங்கும் தூரம் கூடக்கூட, கிட்டத்தட்ட தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி, மெலிந்துகொண்டே போகும். 40 செ.மீ. தொலைவில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட 95 செ.மீ.யில் கிடைக்காது. 60 செ.மீ. உயரப் பெட்டியில் பிழைத்துப்போகும் ஏற்பாடு 120 செ.மீ. கூண்டில் தோற்பது இப்படித்தான். நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவது ஒன்று, உயரத்தைக் கூட்டுவது முற்றிலும் வேறு.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. டிஷ்யூ காகிதத்தை மெல்லிய நாடாவாகக் கிழித்து மேல் திறப்பில் ஒட்டினேன், அது வெளிப்பக்கமாகப் படபடத்தது. கண்ணாடிக் கதவின் கீழ்த் தண்டவாளத்தில் 4 மி.மீ. இடைவெளி. அங்கே ஒட்டிய நாடா உள்பக்கமாக வளைந்தது. புகைபோக்கி வேலை செய்வது போலத்தான்: மேலே சூடான காற்று வெளியேற வெளியேற, கீழே அறையின் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, தரையோடு தவழ்ந்து போகிறது. தரையில்தான் பாம்பு. விரலை ஈரமாக்கி அந்த இடைவெளியில் வைத்தாலே சில்லென்று தெரிந்தது.

ஒரு சின்னக் குறிப்பு. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியிலிருந்து அளக்கிறார்கள். அது காட்டுவது கண்ணாடியின் சூடு, உள்ளே இருக்கும் கல்லின் சூடு அல்ல. பளபளக்கும் உலோகத்தின் மேலும் அது பொய் சொல்லும்.

நோட்டுப்புத்தகம் சொன்னது

பத்து நாள், நாற்பது குறிப்புகள். 34 முறை ராணி குளிர்ப் பக்கப் பதுங்குபெட்டிக்குள். 4 முறை தண்ணீர்த் தொட்டியில். 2 முறை வெளியே உலாவல். சூட்டுப் பக்கத்தில் ஒரு தடவைகூட இல்லை.

முதலில் எனக்கும் புரியவில்லை. தரையில் 25 டிகிரி என்றாலும் அது 21-ஐ விட மேல்தானே? இரை வயிற்றில் இருக்கும் பாம்பு சூட்டைத் தேடி நகரும். அது அதன் இயல்பு. பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால் இரண்டே நாளில் அதன் இதயம் 40 சதவீதம் வரை பெரிதாகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல் எரிக்கும் சக்தி பல மடங்கு ஏறுகிறது. செரிமானம் பாம்புக்கு அவ்வளவு பெரிய வேலை, அந்த வேலைக்கு வேண்டிய வேகத்தை உடம்பின் சூடுதான் தருகிறது. சூடு போதாவிட்டால் செரிப்பதற்கு முன் இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதை வெளியே தள்ளிவிடும். போவாக்கள் இதில் கொஞ்சம் கூடுதலாகவே நொய்வானவை.

அப்படியிருக்க ஏன் நகரவில்லை என்றால், பதில் இரண்டு பதுங்குபெட்டிகளில் இருந்தது. குளிர்ப் பக்கம் இருந்தது பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது. ராணி உள்ளே சுருண்டால் முதுகு கூரையைத் தொடும், பக்கங்கள் சுவரைத் தொடும். சூட்டுப் பக்கம் வைத்திருந்தது கூண்டோடு சேர்த்துப் புதிதாகச் செய்தது: 90 செ.மீ. நீளம், 70 அகலம், 35 உயரம், அகன்ற வாசல். பெரிய பாம்புக்குப் பெரிய வீடு என்று நினைத்திருக்கிறார். பாம்புக்கு அது வீடே இல்லை, கூரை போட்ட வெட்டவெளி. உடம்பை நாலா பக்கமும் ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தால்தான் அது பத்திரமாக உணரும்.

சூடா, பத்திரமா என்று கேட்டால் பாம்பு பத்திரத்தைத்தான் எடுக்கும். வயிற்றில் எலியோடு, 21 டிகிரியில், அது அதைத்தான் எடுத்திருந்தது. கூரையடியில் இருந்த சூடு தரைக்கு வந்திருந்தாலும், இறுக்கமான பதுங்கிடம் அந்தப் பக்கம் இல்லாதவரை, ராணி அங்கே போயிருக்காது என்பதுதான் என் முடிவு.

மாற்றங்கள்

அன்றைக்கே செய்தது ஒன்றுதான். பழைய பதுங்குபெட்டியை இழுத்துச் சூட்டுப் பக்கம் வைத்தோம், குளிர்ப் பக்கத்துக்கு அதே அளவில் ஒரு மரப்பெட்டி செய்து போட்டோம். அந்த இரவே ராணி இடம் மாறியது. விடியும்போது 23-க்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அது போதாது என்றாலும், காரணம் எது என்று தெரிந்துவிட்டது.

பெரிய வேலை அடுத்த இரண்டு வாரம். ராணியைப் பழைய பி.வி.சி. பெட்டிக்கு மாற்றிவிட்டு, கூண்டின் வலப்பக்கம் 55 செ.மீ. உயரத்தில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் ஒரு மேடை அமைத்தோம். சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடவில்லை; தரை வரைக்கும் கால்கள் கொடுத்தோம். ஒன்பது கிலோ பாம்பு ஓரத்தில் தொங்கிக்கொண்டு திரும்பும்போது விழும் பாரம் வேறு. நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன், கிறீச்சென்றுகூடச் சத்தம் வரவில்லை. தரையிலிருந்து மேடைக்குக் கை கனத்தில் ஒரு மரக்கிளையைச் சாய்த்து, இரண்டு முனையையும் திருகாணியால் பிடித்தோம்.

மேடையில் 60 செ.மீ. சதுரமான கருப்பு ஸ்லேட் கல், 2 செ.மீ. கனம். பழைய பதுங்குபெட்டியின் அடிப்பலகையை எடுத்துவிட்டு, கல்லின் ஒரு பாதி பெட்டிக்குள்ளும் மறு பாதி வெளியேயும் வரும்படி வைத்தோம். வெளிப்பாதி விளக்கில் காயும், சூடு கல் வழியாகப் பெட்டிக்குள்ளும் போகும். பாம்பு தலைமறைவாகப் படுத்துக்கொண்டே வயிற்றைச் சூடாக்கலாம். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு கல் வைத்த விதம்தான். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

செராமிக் ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு 100 வாட் ஹாலஜன் விளக்குகள் மூன்றை, கல்லுக்கு 45 செ.மீ. மேலே முக்கோணமாகத் தொங்கவிட்டோம். ஹாலஜன் தருவது குறுகிய அலை அகச்சிவப்பு. அது காற்றைச் சுற்றிப் போகாமல் நேரே கல்லிலும் தோலிலும் இறங்கும், தோலுக்குக் கீழேயும் கொஞ்சம் ஊடுருவும். வெயில் செய்வதும் இதைத்தான். ஒரே விளக்கை ஏன் போடவில்லை என்று கேட்கலாம். ராணி சுருண்டு படுத்தால் கிட்டத்தட்ட 45 செ.மீ. வட்டம். ஒற்றை விளக்கின் ஒளிவட்டம் அதில் கையளவுக்குத்தான் விழும். அந்தக் கையளவு முதுகு வெந்துபோகும். மிச்ச உடம்பு குளிர்ந்தே இருக்கும். பாம்போ இன்னும் சூடு போதவில்லை என்று அங்கேயே கிடக்கும். பெரிய பாம்புகளின் முதுகில் பார்க்கும் தீப்புண்கள் பல இப்படி வருபவை. மலைப்பாம்புகளின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன, போவாவுக்குக் குழி இல்லாவிட்டாலும் செதிலுக்கடியில் அந்த உணர்வு உண்டு. அப்படிப்பட்ட பிராணி தன் தோல் கருகுவதை அறியாமல் கிடப்பது எனக்கு இன்றும் விநோதம்தான். ஆனால் கிடக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் மூன்று விளக்குக்கும் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். வலைக்கும் பல்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

விளக்குகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட். அணைத்து அணைத்துப் போடும் வகையில் ஹாலஜனை மாட்டினால் பாம்புக்கு நாளெல்லாம் மின்னல், பல்பும் சீக்கிரம் போகும். கல்லின் நடுவில் 35, ஓரங்களில் 31, பெட்டிக்குள் 29 முதல் 30 வரும்வரை விளக்குகளின் உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு முழு நாள் அதிலேயே போயிற்று. 12 மணி நேரத்துக்குப் பிறகு விளக்கு அணையும். கல் இரண்டு மணி நேரமாவது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் மேடைக்கு நேர் மேலே பதித்த ஹீட் பேனல், தனித் தெர்மோஸ்டாட்டில், இரவில் பெட்டியருகே 25-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். இரவில் கொஞ்சம் குளிர்வது நல்லதுதான். இரை வயிற்றில் இருக்கும் நாட்களில் மட்டும் பேனலை ஒரு டிகிரி ஏற்றச் சொன்னேன்.

வெளிப்பக்கம் பின்சுவர், பக்கச்சுவர்கள், கூரை, அடிப்பலகை எல்லாவற்றிலும் 25 மி.மீ. கனமுள்ள அழுத்திய தெர்மோகோல் பலகை ஒட்டினோம். வெறும் 18 மி.மீ. ப்ளைவுட் வழியாகப் போகும் சூட்டில் அது மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்துவிடும். உள்பக்கம் ஒட்டவே கூடாது. பாம்பு அதைப் பெயர்த்துவிடும். மேல் திறப்பு ஒன்றை அடைத்து, குளிர்ப் பக்கம் கீழே சிறிதாக ஒன்று திறந்தோம். இப்போது காற்று நீளவாட்டில் கடந்து போகிறது. கதவு இடைவெளிக்கு ஜன்னல்களில் ஒட்டும் மயிர்ப்பட்டை.

என் தப்பு

எல்லாம் முடித்து ராணியை உள்ளே விட்ட நான்காம் நாள் இரவு கைபேசி அலறியது. பேனலின் சென்சாரை நான் உறிஞ்சு ரப்பரால் சுவரில் ஒட்டியிருந்தேன். அவசரத்தில் செய்தது, காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. மூன்று காலை போனது, மாற்றவில்லை. ராணி சுவரோரம் ஏறும்போது ஒயரை உடம்பால் இழுத்துவிட்டது. சென்சார் கீழே ஈரப் படுகையில் விழுந்து 22 என்று சொல்ல, தெர்மோஸ்டாட் பேனலை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது.

பாம்பைக் காப்பாற்றியது இரண்டாவது தெர்மோஸ்டாட். முதலாவது எதையாவது உளறினாலும் மேடைக்கு மேலே 38 டிகிரி தொட்டதும் மின்சாரத்தையே துண்டிக்கும்படி தனியாக ஒன்றைத் தொடரில் மாட்டியிருந்தேன், அதுவே எச்சரிக்கையும் அனுப்பியது. 38-க்கு மேல் தப்பிக்க வழியில்லாமல் நீடித்தால் பாம்பின் உயிருக்கே ஆபத்து. போய்ப் பார்த்தபோது ராணி குளிர்ப் பக்கப் பெட்டிக்குள் நிம்மதியாக இருந்தது. அன்றிரவே சென்சார் ஒயரை உலோகக் குழாய்க்குள் விட்டு, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் வீதம் திருகாணியால் இறுக்கினேன். பெரிய பாம்பு உள்ள கூண்டில் ஒட்டும் எதுவும் ஒரு நாள் பெயரும்.

ஈரம்

வயிற்றுச் செதிலின் சிவப்புக்கு வருகிறேன். உரிமையாளர் ஈரப்பதமானியைச் சூட்டுப் பக்கம் மேலே வைத்திருந்தார், அது 45 சதவீதம் காட்டும். போவாவுக்கு 60 முதல் 70 வேண்டும் என்று படித்தவர், தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தார். எண் ஏறவில்லை. இன்னும் தெளித்தார். குளிர்ப் பக்கப் படுகையைக் கையால் கிளறினேன், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது, புளித்த வாடை. ராணி நாளெல்லாம் படுத்திருந்தது அதன் மேல்தான். செதில் அழுகலின் தொடக்கம் அது.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். அதனால் ஒரே காற்று, ஒரே அளவு நீராவியோடு, 24 டிகிரியில் 80 சதவீதம் காட்டினால் 32 டிகிரியில் 50 சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் காட்டும். சூட்டு மூலையில் எண் குறைவாக இருப்பது கோளாறு அல்ல, கணக்கு. அந்த எண்ணைத் துரத்தி மறுகோடியைச் சேறாக்கிவிட்டார்கள்.

படுகை முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டு, மண்ணும் தேங்காய்நார்த் துண்டுகளும் கலந்து 15 செ.மீ. கனத்துக்குப் போட்டோம், மேலே காய்ந்த இலைகள். தெளிப்பதே இல்லை. வாரம் ஒருமுறை மூலைகளில் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அடியில் ஈரம் நிற்கும், மேல்தோல் உலர்ந்திருக்கும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். நடுவில் மூன்றாவதாக ஒரு பெட்டி, உள்ளே ஈரப் பாசி, சட்டை உரிக்கும் நாட்களுக்கு. கழிவைத் தின்னும் சின்னப் பூச்சிகளை மண்ணில் விடலாமா என்று கேட்டார். விடலாம், பூஞ்சையைக் கட்டுப்படுத்தும். ஆனால் இந்த அளவுப் பாம்பின் கழிவை அவை தின்று தீர்க்கும் என்று நம்ப வேண்டாம். முறம் எடுத்து அள்ளத்தான் வேண்டும்.

பிறகு நடந்தவை

கடைசிக் கக்கலிலிருந்து ஆறு வாரம் கழித்து முதல் இரை: வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு எலி. விழுங்கிய ராணி நேராக மேடைப் பெட்டிக்குள் போய் ஐந்து நாள் வெளியே வரவில்லை. ஆறாம் நாள் தண்ணீர் குடித்தது. பதினோராம் நாள் மலம். உரிமையாளர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். என் கைபேசியில் சந்தோஷமாகப் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று.

மூன்று வார இடைவெளியில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டி, நான்காவது இரையில் பழைய அளவுக்கு வந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. நான்கு மாத முடிவில் எடை 8.8 கிலோ. சட்டை மூக்கு முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழன்றது, கண் மூடிகளும் சேர்ந்தே வந்தன. வயிற்றுச் சிவப்பு இரண்டாவது சட்டையோடு மறைந்தது. மறுபடியும் பத்து நாள், நாற்பது குறிப்புகள் எழுதச் சொன்னேன்: 19 முறை மேடைப் பெட்டி, 6 முறை கல்லின் மேல் வெளிப்படையாக, 8 முறை குளிர்ப் பக்கப் பெட்டி, 4 முறை கிளையில், மிச்சம் தண்ணீரும் உலாவலும். மின்சாரம் முன்பைவிட அதிகமில்லை. பகலில் விளக்குகள் கூடுதலாக எடுத்ததை இரவில் தெர்மோகோல் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. அறையே 32 டிகிரிக்குப் போகும் கோடை நாட்களில் இந்தக் கூண்டில் குளிர்ப் பக்கம் என்று ஒன்று இருக்காது. சூட்டைச் சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் கஷ்டம். இந்தக் கூண்டின் தெர்மோஸ்டாட்டுகளுக்கு அணைக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தெர்மோகோல் இருப்பதால் உள்ளே போன சூடு வெளியே வரவும் நேரமாகும். இப்போதைக்கு அப்படிப்பட்ட நாட்களில் விளக்குகளைக் காலையில் மூன்று மணி நேரம் மட்டும் போட்டுவிட்டு அணைக்கிறார், அடைத்த மேல் திறப்பைத் திறந்து சின்ன விசிறியால் காற்றை வெளியே இழுக்கிறார், அறைக்கு ஏசி போடுகிறார். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் அப்படி ஒரு நாளில் ஒரு படம் வந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. ராணி கண்ணாடியை ஒட்டி, தரையில், தலை முதல் வால் வரை நேர்க்கோடாக நீட்டிப் படுத்திருந்தது. பழைய பெட்டியில் அது முடியாத காரியம். "பாத்தீங்களா அண்ணா" என்று கீழே எழுதியிருந்தார். தரையில் எத்தனை என்று கேட்டேன். கதவைத் திறந்து அளந்துவிட்டு "27.2" என்று பதில் அனுப்பினார்.